பின்கோடு 635

ஒரு சின்ன டெஸ்ட். உங்க ஆதார் கார்டை எடுத்து அட்ரஸ் இருக்கிற பக்கம் திருப்புங்க. கடைசியில ஆறு இலக்கத்துல ஒரு பின்கோடு இருக்கும். இப்போ உங்களுக்குப் பிடிச்ச ஐபிஎல் டீம் எந்த ஊர் டீம்னு யோசிங்க. ரெண்டும் ஒரே மாநிலத்துல இருந்தா நீங்க கொடுத்து வச்சவங்க. இந்தக் கட்டுரையை அப்படியே ஸ்க்ரோல் பண்ணிட்டு அடுத்த பக்கத்துல இருக்கிற கவிதைக்குப் போயிடலாம்.

என்னோடது 635-ல ஆரம்பிக்கும். கிருஷ்ணகிரி மாவட்டம், ஜவளகிரி. "அது எங்கடா இருக்கு"ன்னு ஃபர்ஸ்ட் இயர்ல என் ரூம்மேட் கேட்டான். ஓசூர் தெரியுமா, ஓசூர் தாண்டி தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம், காடு ஆரம்பிக்கிற இடம்னு சொன்னேன். "அப்போ பெங்களூரா"ன்னான். இல்லடா, தமிழ்நாடுதான்னு சொல்லி முடிக்க அஞ்சு நிமிஷம் ஆச்சு. பன்னேர்கட்டா காட்டுல இருந்து கிளம்புற யானைக் கூட்டம் குளிர்காலத்துல ராகி விளையற நேரம் பார்த்து எங்க ஊர்க் காட்டுக்கு வந்து, அப்படியே தளி, ஓசூர்னு போகும். நானும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போய்ட்டு வந்துட்டு வளர்ந்தவன்தான். வீட்டுல தெலுங்கு. கடைத்தெருவுல பாதி கன்னடம், பாதி தமிழ். ஸ்கூல் இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல பிழையில்லாம நாலு பக்கம் எழுதறது இதுதான் எனக்கு முதல் தடவை. ஒற்றுப்பிழை இருந்தா எடிட்டரைத் திட்டுங்க.

ஊர்ல இருந்து சென்னை 300 கிலோமீட்டருக்கு மேல. பெங்களூரு அதுல நாலுல ஒரு பங்கு கூட இருக்காது. சின்ன வயசுல ஆஸ்பத்திரி, துணிக்கடை, முதல் லிஃப்ட், முதல் எஸ்கலேட்டர் எல்லாமே எனக்குப் பெங்களூருதான். அதனால நான் ஆர்சிபி ரசிகனானதுல எந்தச் சதியும் இல்ல. கோலி மேல பைத்தியமா இருந்தேன், அவ்வளவுதான். நம்ம ஹாஸ்டல்ல வந்து சேர்ந்த பிறகுதான் இது ஒரு குற்றம்னு தெரிஞ்சது.

நம்ம டிவி ரூம் சட்டம் உங்களுக்குத் தெரியும். சிஎஸ்கே மேட்ச் அன்னைக்கு முன் வரிசை நாற்காலி எல்லாம் மஞ்சள் கட்சிக்கு. ஆர்சிபி, மும்பை ஆளுங்க கடைசி வரிசை, இல்லன்னா வாசல் படி. யாரும் எழுதி ஒட்டல. ஆனா ஒருநாள் நான் முன்னாடி உட்கார்ந்தப்போ ஒரு சீனியர் ரொம்ப மரியாதையா, "தம்பி, இது ஹோம் ஸ்டாண்ட்"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். எழுந்து பின்னாடி போயிட்டேன்.

இதையே உலகத்துல சில டீம்கள் சிரிக்காம, சீரியஸாப் பண்ணுது. அதைப் பத்திதான் எழுத வந்தேன்.

2014 ஜனவரி. அமெரிக்காவுல சியாட்டில் சீஹாக்ஸ்னு ஒரு டீம், சூப்பர் பவுலுக்கு முந்தின ஆட்டம், எதிரணி சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ். சான் பிரான்சிஸ்கோ இருக்கிறது கலிஃபோர்னியாவுல. சியாட்டில் நிர்வாகம் டிக்கெட் விற்பனையை ஆரம்பிச்சப்போ ஒரு நிபந்தனை வச்சாங்க: உங்க கிரெடிட் கார்டோட பில்லிங் முகவரி வாஷிங்டன், ஒரிகன், மொன்டானா, ஐடஹோ, அலாஸ்கா, ஹவாய் மாநிலங்கள்ல இருக்கணும், இல்லன்னா கனடாவுல பக்கத்துல இருக்கிற ரெண்டு மாகாணத்துல இருக்கணும். மத்தவங்க வாங்கினா ஆர்டர் ரத்து, பணம் வாபஸ். லிஸ்ட்டை மறுபடி பாருங்க. கடல் தாண்டி இருக்கிற ஹவாய் உள்ளே, பக்கத்துல இருக்கிற கலிஃபோர்னியா வெளியே. லாஸ் வேகாஸ்ல இருந்த ஒரு நைனர்ஸ் ரசிகர் 5 கோடி டாலர் நஷ்டஈடு கேட்டு வழக்கே போட்டார். கோர்ட் தள்ளுபடி பண்ணிடுச்சு.

நாஷ்வில் ஊர் ஐஸ் ஹாக்கி டீம் வேற வழி கண்டுபிடிச்சது. சிகாகோ டீம் அங்க ஆட வந்தா அரங்கம் பாதி சிகாகோவோட சிவப்பாயிடுமாம். அதனால சிகாகோ ஆட்டத்துக்குத் தனி டிக்கெட் வேணும்னா, கூடவே வேற ஒரு ஆட்டத்துக்கும் சேர்த்து வாங்கணும்னு சொல்லிட்டாங்க. நம்ம ஊர்ல தீபாவளிக்கு முந்தின நாள் ஓடுற சரக்கோட ஓடாத சரக்கையும் சேர்த்துக் கட்டி விப்பாங்களே, அதே டெக்னிக். இந்தப் பிரச்சாரத்துக்கு வச்ச பேரே 'சிவப்பை வெளியே வை'ங்கிற மாதிரி. 2015-ல ஃப்ளோரிடாவுல டாம்பா பே லைட்னிங் இன்னும் ஒரு படி மேல போச்சு. பிளேஆஃப் டிக்கெட் ஃப்ளோரிடா முகவரி இருக்கிற கார்டுக்கு மட்டும்தான். அதோட சில விலை உயர்ந்த பகுதிகள்ல எதிரணி உடுப்போட வந்தா, கழட்டுங்கன்னு சொல்லுவாங்க.

முகவரியால தடுக்கிறது, கட்டி விக்கிறது, சட்டையால தடுக்கிறது. இதுல எது நம்ம ஊருக்கு வரும்? இந்தக் கேள்வி எனக்கு வெறும் பொது அறிவு இல்ல. ஏன்னு அப்புறம் சொல்றேன்.

முதல்ல ஐபிஎல் எப்படி நடக்குதுன்னு பார்க்கணும். டிக்கெட்டை விக்கிறது உள்ளூர் டீம். விலை வைக்கிறதும் அவங்க, கேட் வசூலும் பெரும்பாலும் அவங்களுக்கு. இங்கிலாந்து பிரீமியர் லீக்ல வெளியூர் டீம் ரசிகர்களுக்குன்னு 3,000 சீட்டு, சின்ன மைதானமா இருந்தா மொத்தத்துல 10 சதவீதம், ஒதுக்கியே ஆகணும். 2016-17 சீசன்ல இருந்து அந்த சீட்டுக்கு 30 பவுண்டுக்கு மேல வாங்கக்கூடாதுன்னும் வச்சிருக்காங்க. ஐபிஎல்-ல அப்படி ஒதுக்குற வழக்கமே கிடையாது. அதே நேரம் யாரையும் உள்ளே விடாதேங்கிற விதியும் இல்ல. ஆன்லைன்ல வரிசை நம்பர் முன்னாடி வந்தவன் வாங்குவான். வாங்கினவன் என்ன கலர்ல வேணும்னாலும் வருவான்.

அதனாலதான் 2023 ஏப்ரல் 23 அன்னைக்குக் கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ் மஞ்சளா இருந்தது. கேகேஆரோட சொந்த மைதானம் அது. மேட்ச் முடிஞ்ச பிறகு தோனி பேசினது ஞாபகம் இருக்கும். எனக்கு ஃபேர்வெல் குடுக்க வந்திருக்காங்க, அடுத்த தடவை இவங்கள்ல நிறையப் பேர் கேகேஆர் ஜெர்சிலதான் வருவாங்கங்கிற அர்த்தத்துல சிரிச்சுக்கிட்டே சொன்னார். இப்போ யோசிங்க. அந்த ராத்திரி ஈடன் கார்டன்ஸ்ல மஞ்சள் போட்டிருந்தவங்க எல்லாம் சென்னையில இருந்து கோரமண்டல் எக்ஸ்பிரஸ் பிடிச்சுப் போனவங்களா? பெரும்பாலும் கொல்கத்தாக்காரங்கதான். சியாட்டில் மாதிரி பின்கோடு பார்த்தா அத்தனை பேரும் 700-ல ஆரம்பிப்பாங்க, ஜாம் ஜாம்னு உள்ளே வருவாங்க. சிகாகோக்காரன் சிகாகோவுல இருந்து வர்றான். தோனி ரசிகன் அடுத்த வீட்டுல இருந்து வர்றான். அவனைத் தடுக்கணும்னா டாம்பா மாதிரி சட்டையைப் பார்த்துத்தான் தடுக்க முடியும்.

அடுத்த வீட்டுல இருந்து வர்ற ஒருத்தனை எனக்கு நல்லாத் தெரியும்.

எங்க அத்தை, அதாவது அப்பாவோட தங்கச்சி, கல்யாணமாகிப் போனது ஆனேக்கல். கர்நாடகா. தளி வழியா பைக்ல போனா சினிமாவுக்கு இன்டர்வெல் விடற நேரத்துக்குள்ள போயிடலாம். அத்தை பையன் என்னைவிட ரெண்டு வயசு பெரியவர். எங்க வீட்டு வழக்கப்படி பாவான்னு கூப்பிடுவேன். பிறந்தது ஆனேக்கல், படிச்சது கன்னட மீடியம், வேலை ஜிகணிப் பக்கம் ஒரு கம்பெனியில. ஆதார்ல பின்கோடு 562. வண்டி கேஏ நம்பர். ஆனா ஆள் தோனி பக்தர். ஏன்னு கேட்டா, 2011 ஃபைனல் சிக்ஸர் அப்போ எனக்கு ஒன்பது வயசு, வேற யாரைப் பிடிக்கும்பார்.

ஆக எங்க குடும்பத்துல தமிழ்நாட்டுக்காரன் ஆர்சிபி, கர்நாடகாக்காரர் சிஎஸ்கே. சியாட்டில் விதி பெங்களூருக்கு வந்தா சின்னசாமி ஸ்டேடியத்துக்குள்ள பாவா மஞ்சள் ஜெர்சியோட நுழைவார், நான் சிவப்பு ஜெர்சியோட வெளியே நிப்பேன். சேப்பாக்கத்துல அதே விதி வந்தா எனக்கு டிக்கெட் கிடைக்கும், எதிரணி ரசிகனா. எங்க அம்மா இதைக் கேட்டுட்டு, "ரெண்டு பேரும் சட்டையை மாத்திக்கிட்டா முடிஞ்சு போச்சு"ன்னாங்க.

2024 மே 18. இந்தத் தேதியைச் சொன்னாலே டிவி ரூம்ல பாதிப் பேருக்கு வயிறு எரியும். லீக் சுற்றுல கடைசி ஆட்டம், சின்னசாமியில ஆர்சிபி - சிஎஸ்கே. ரெண்டுல ஒண்ணுதான் பிளேஆஃப் போகும். பாவாவோட வேலை செய்யற நாலு பேர் ஆளுக்கு ரெண்டு மொபைல் வச்சு டிக்கெட்டுக்கு முட்டி மோதினாங்க. எப்படியோ ரெண்டு டிக்கெட் எங்களுக்கு வந்தது. விலையைச் சொல்ல மாட்டேன், அப்பாவும் இந்த இதழ் லிங்க்கைத் திறந்து படிப்பார். நான் அப்போ செகண்ட் இயர். செமஸ்டர் எக்ஸாமுக்கு நடுவுல ஊருக்குப் போறேன்னு சொல்லிட்டுக் கிளம்பினேன்.

பாவா கறுப்பு டீஷர்ட் போட்டுக்கிட்டு வந்தார். உள்ளே மஞ்சள். கையில மடிச்சு வச்ச மஞ்சள் தொப்பி. "ஏன் பாவா மறைக்கிறீங்க"ன்னேன். "கேட் தாண்டற வரைக்கும்ரா"ன்னார். மெட்ரோவுல கூட்டம். சிவப்பு ஜெர்சிக்கு நடுவுல அங்கங்க மஞ்சள், அவங்க எல்லாம் குரூப்பா இருந்தாங்க. தனியா வந்த மஞ்சள்காரங்க யாரும் கண்ணுல படல. எல்லாரும் பாவா மாதிரி கறுப்பு டீஷர்ட் போட்டிருந்தாங்களோ என்னவோ.

மழை வரும்னு வானிலைக் கணிப்பு. மழை வந்து ஆட்டம் நின்னா ஆர்சிபி வெளியே. மூணு ஓவர்ல தூறல் ஆரம்பிச்சு நின்னது. நான் சாமி கும்பிட்டேன். பாவாவும் கும்பிட்டார், வேற வேண்டுதல். மழை விட்டுச்சு. ஆர்சிபி 218. கணக்கு இதுதான்: சிஎஸ்கே ஜெயிக்கக்கூட வேணாம், 201 எடுத்தாலே உள்ளே. பாவா கறுப்பு டீஷர்ட்டைக் கழட்டினது சிஎஸ்கே பேட்டிங் ஆரம்பிச்சப்போ. முதல் பந்துலேயே ருதுராஜ் அவுட். சுத்தி இருந்தவங்க எல்லாரும் பாவாவைத் திரும்பிப் பார்த்துக் கத்தினாங்க. பாவா கை கூப்பினார். அது நல்ல கேலிதான். பக்கத்துல இருந்த அண்ணன் ஒருத்தர் பாவாவுக்குப் பாப்கார்ன் குடுத்தார்.

கடைசி ஓவர். பிளேஆஃப் போக 17 ரன். யஷ் தயாள் போட்ட முதல் பந்தை தோனி தூக்கி அடிச்சார், பந்து மைதானத்தை விட்டே போயிடுச்சு. 35,000 பேர் பக்கம் இருக்கிற இடம் அப்படியே ஊமையாச்சு. எங்க ஸ்டாண்டுல ஒரே ஒரு குரல்தான், பாவாவோடது. நாற்காலி மேல ஏறி நின்னு கத்தினார். அடுத்த பந்து தோனி கேட்ச். அதுக்கப்புறம் என்ன நடந்ததுன்னு உங்களுக்குத் தெரியும். 191. பத்து ரன் குறைவு. நான் அழுதேன். சத்தியமா அழுதேன். பாவாவைக் கட்டிப் பிடிச்சு அழுதேன், அவரும் அழுதுட்டு இருந்தார். ரெண்டு அழுகைக்கும் காரணம் வேற வேற.

இதுவரைக்கும் இது சந்தோஷமான கதை. டிவி ரூம்ல நான் எப்பவும் இதோட நிறுத்திடுவேன்.

வெளியே வந்து ரோட்டுல நடந்தோம். நடு ராத்திரி. ஹாரன், விசில், கோஷம். ஒரு பத்துப் பேர் கும்பல் எதிர்ல வந்தது. எல்லாரும் எங்க டீம். ஒருத்தன் பாவாவோட தொப்பியைப் பிடுங்கினான். இன்னொருத்தன் தோள்ல தள்ளினான். "நிம்ம ஊரிகே ஹோக்ரோ." உங்க ஊருக்குப் போங்கடா. பாவா சிரிச்ச மாதிரியே இருந்துட்டு, "நம்தூ இதே ஊரு குரு, ஆனேக்கல்"ன்னார். நல்ல சுத்தமான கன்னடம். அவன் நம்பல. இல்ல, நம்பினதாலதான் இன்னும் கோபம் வந்ததோ தெரியல. நம்ம ஊர்ல பிறந்துட்டு இந்த ஜெர்சியான்னு கேட்டு, தொப்பியைத் தூக்கி ரோட்டுக்கு அந்தப் பக்கம் எறிஞ்சான். அதே கும்பல்ல ஒரு பையன் என்னைப் பார்த்து, என் சிவப்பு ஜெர்சியைப் பார்த்து, கையை நீட்டி ஹைஃபை கேட்டான்.

நான் குடுத்தேன்.

வாயைத் திறக்கல. திறந்தா என் கன்னடத்துல தமிழ் வாடை வரும். நாங்க எங்க வேணும்னாலும் பேசற கன்னடம் அது, ஆனா பெங்களூருக்காரனுக்கு ஒரு வார்த்தையிலேயே தெரிஞ்சிடும். பாவா அதைப் புரிஞ்சுக்கிட்டு கண்ணாலேயே பேசாதேன்னார். அந்தக் கும்பல்ல யாராவது ஐடி கார்டு கேட்டிருந்தா வெளியூர்க்காரன்னு மாட்டியிருக்க வேண்டியது நான். யாரும் கேட்கல, சட்டையைப் பார்த்தே முடிவு பண்ணிட்டாங்க. ஒரு நிமிஷம் கூட இருக்காது. கும்பல் கத்திக்கிட்டே போயிடுச்சு. நாங்க அடிபடல, பெரிசா ஒண்ணும் ஆகல. அந்த ராத்திரி மஞ்சள் போட்டுப் போன நிறையப் பேர் இதைவிட மோசமா நடந்ததுன்னு மறுநாள் சமூக வலைதளத்துல எழுதியிருந்தாங்க.

எலக்ட்ரானிக் சிட்டியில பாவாவோட ஃப்ரெண்ட் ரூம்ல படுத்தோம். பாவா தொப்பியைப் பத்திப் பேசவே இல்ல. "தோனி அந்த சிக்ஸை அடிக்காம இருந்திருந்தா பந்து மாத்தியிருக்க மாட்டாங்கல்லரா"ன்னு மட்டும் கேட்டுட்டுத் தூங்கிட்டார். எனக்குத் தூக்கம் வரல. ஹைஃபை குடுத்த கை.

இங்க ஒரு பழைய கதை சொல்லணும். 2016 செப்டம்பர். காவிரிப் பிரச்சனையில பெங்களூருல தமிழ்நாட்டு பஸ்களை எரிச்ச நேரம். எல்லையில பஸ் எல்லாம் நின்னு, ஜனங்க மூட்டை முடிச்சோட அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் நடுவுல நடந்து கடந்த படம் நீங்க பேப்பர்ல பார்த்திருப்பீங்க. அப்போ அப்பா ஜிகணியில வேலை பார்த்தார். பைக் டிஎன் 70. அன்னைக்கு மத்தியானம் யாரோ சொல்லி, வண்டியைக் கம்பெனி உள்ளேயே மறைச்சு வச்சுட்டு, எப்படியோ ஆனேக்கல்ல அத்தை வீட்டுக்குப் போயிட்டார். ரெண்டு நாள் அங்கேயே. மூணாவது நாள் மாமா தன்னோட கேஏ வண்டியில அப்பாவைப் பின்னாடி உட்கார வச்சு ஊர் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். வழியில யாரோ நிறுத்தி யாருன்னு கேட்டப்போ, "நம்ம பாமைதா"ன்னு, என் மச்சான்னு மாமா சொல்லியிருக்கார். அப்பா இதைக் குறைஞ்சது ஐம்பது தடவை சொல்லியிருப்பார், ஒவ்வொரு தடவையும் மாமாவோட குரல்லயே.

அந்த மாமாவோட பையன்தான் பாவா.

சரி, டிக்கெட்டுக்கு வருவோம். மே 18-க்கு அப்புறம் நான் கொஞ்ச நாள், வெளியூர் ரசிகனுக்குத் தனி ஸ்டாண்ட் வேணும்னு எல்லார்கிட்டயும் வாதாடிட்டு இருந்தேன். இங்கிலாந்து மாதிரி. தனி கேட், தனி வழி, போலீஸ் பாதுகாப்பு. வெளியூர் ரசிகனை அடியோட தடை பண்றதைவிட அது எவ்வளவோ மேல். அர்ஜென்டினாவுல 2013-ல ஒரு ரசிகர் இறந்து போனதுக்கப்புறம் லீக் ஆட்டங்களுக்கு எதிரணி ரசிகர்களே வரக்கூடாதுன்னு தடை போட்டாங்க. பல வருஷம் ஒரே கலர் மைதானம். அதுக்கப்புறமும் சண்டை நிக்கல. 2018-ல ரிவர் பிளேட் - போகா ஜூனியர்ஸ் ஃபைனலுக்குப் போகா ரசிகர்களுக்கு அனுமதியே இல்ல. ஆனா போகா வீரர்கள் வந்த பஸ் மேலேயே கல்லெறிஞ்சாங்க. கடைசியில அந்த ஆட்டத்தை ஸ்பெயின்ல, மாட்ரிட்ல நடத்த வேண்டியதாப் போச்சு.

தனி ஸ்டாண்ட் யோசனையைப் பாவாகிட்டச் சொன்னேன். அவர் யோசிச்சுட்டு, "அப்போ நீ எங்க உட்காருவ, நான் எங்க உட்காருவேன்?" அப்படின்னார்.

அதுக்கு என்கிட்ட இன்னிக்கு வரைக்கும் பதில் இல்ல. இங்கிலாந்துல எதிரணி ஜெர்சியோட ஹோம் ஸ்டாண்டுல உட்கார்ந்தா வெளியே அனுப்பிடுவாங்க. அண்ணன் தம்பியா இருந்தாலும் ஆளுக்கொரு பக்கம். ஐபிஎல்-ல ஒழுங்கு இல்ல, பாதுகாப்பும் அப்படி இப்படித்தான். ஆனா அந்த ஒழுங்கு இல்லாததாலதான் நாங்க ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல உட்கார்ந்து, கட்டிப் பிடிச்சு, வேற வேற காரணத்துக்கு அழ முடிஞ்சது. இதை இழக்க எனக்கு மனசில்ல. ஆனா பாவாவோட தொப்பி போனதும் அதே ஒழுங்கில்லாததாலதான்.

ஊர்ப் பெருமை பேசறவங்களுக்கு ஒண்ணு. நம்ம சேப்பாக்கத்தை எல்லாரும் நல்ல கூட்டம்பாங்க. உண்மைதான். 1999 ஜனவரி 31, பாகிஸ்தான் டெஸ்ட். சச்சின் முதுகு வலியோட 136 அடிச்சும் 12 ரன்ல தோத்தோம். ஆனா கூட்டம் எழுந்து நின்னு பாகிஸ்தானுக்குக் கைதட்டி, அவங்க மைதானத்தைச் சுத்தி வந்தாங்க. நாம யாரும் பிறக்கல, ஆனா தாத்தா காலத்துக் கதை மாதிரி எல்லாருக்கும் தெரியும். அதே சேப்பாக்கத்துல 2013-ல இலங்கை வீரர்கள் ஆடக்கூடாதுன்னு ஆச்சு. அதுக்கு இருந்த வலி வேற, நான் அதைச் சின்னதாக்கல. 2018-ல காவிரிக்காகப் போராட்டம் நடந்து, ஏப்ரல் 10 மேட்ச்ல மைதானத்துக்குள்ள செருப்பு வந்து விழுந்து, சிஎஸ்கேவோட மிச்ச ஹோம் மேட்ச் எல்லாம் புனேவுக்குப் போச்சு. சென்னை ரசிகர்கள் தனி ரயில்ல புனே போய் 'ஹோம்' மேட்ச் பார்த்தாங்க. அந்த ரயில்ல இருந்தவங்க ஹோமா அவேயா, நீங்களே சொல்லுங்க. 2023 உலகக் கோப்பையில, அகமதாபாத்ல லட்சம் பேர் கூடின இந்தியா - பாகிஸ்தான் ஆட்டத்துக்கு, பாகிஸ்தான்ல இருந்து ரசிகர்கள் கிட்டத்தட்ட யாருமே வரல. டிக்கெட்டே பிரச்சனை இல்ல, விசாவே கிடைக்கல. எல்லை பெரிசா இருந்தா டிக்கெட் கொள்கைக்கு வேலையே இல்லாமப் போயிடுது.

இன்னொண்ணு சொல்லியாகணும், சொல்லக் கஷ்டமா இருக்கு. 2025 ஜூன் 3, ஆர்சிபி 18-வது சீசன்ல முதல் கப் ஜெயிச்சது. நான் ஹாஸ்டல்ல தனியாக் கத்தினேன். மறுநாள் சின்னசாமி வாசல்ல கொண்டாட்டத்துக்கு வந்த கூட்டத்துல நெரிசலாகி 11 பேர் செத்துப் போனாங்க. உள்ளே போக பாஸ் உண்டா இல்லையா, இலவசமா இல்லையாங்கிற குழப்பத்துலேயே அவ்வளவு கூட்டம் கேட்டுல முட்டி நின்னது. பாவா போன் மேல போன் பண்ணார், நீ போகலல்ல, போகலல்லன்னு. போகல. கிளம்பலாம்னு நினைச்சிருந்தேன், பஸ் கிடைக்கல. அந்த 11 பேர்ல ஒருத்தர் நம்ம தமிழ்நாட்டைச் சேர்ந்த பொண்ணு. வாசல்ல யார் உள்ளூர், யார் வெளியூர்னு கேட்க அங்க யாருக்கும் நேரம் இருக்கல.

2025 மார்ச் 28 அன்னைக்கு டிவி ரூம்ல நடந்தது உங்கள்ல பலருக்கு ஞாபகம் இருக்கும். சேப்பாக்கத்துல 2008-க்கு அப்புறம் முதல் தடவையா ஆர்சிபி ஜெயிச்சது, 50 ரன்ல. கடைசி வரிசையில நாங்க நாலு பேர். ஆட்டம் முடிஞ்சதும் நான் எழுந்து நின்னேன், ஆனா கத்தல. என்னை 'ஹோம் ஸ்டாண்ட்'னு எழுப்பின சீனியர் திரும்பி, "டேய், கத்துடா, பதினேழு வருஷம்"ன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் மேல இருந்த கடுப்பெல்லாம் போச்சு.

இந்த வருஷம் ஃபைனல் இயர்ங்கிறதால முன் வரிசை நாற்காலி எங்க பேட்ச் கையில இருக்கு. நாங்க நாலு ஆர்சிபிக்காரங்க சேர்ந்தா அந்தச் சட்டத்தை மாத்திடலாம், இல்லன்னா தலைகீழா ஆக்கிடலாம். தலைகீழா ஆக்கணும்னுதான் கை அரிக்குது. போன வாரம் ஒரு ஃபர்ஸ்ட் இயர் பையன் மஞ்சள் ஜெர்சியோட முன்னாடி வந்து உட்கார்ந்தான். என் பக்கத்துல இருந்தவன் என்னைப் பார்த்தான், சொல்லுடாங்கிற மாதிரி. நான் நகர்ந்து இடம் விட்டேன். பெரிய மனசெல்லாம் இல்ல. அந்தப் பையன் போட்டிருந்த தொப்பிதான்.

போன செமஸ்டர்ல இண்டஸ்ட்ரியல் விசிட்டுக்குச் சென்னை போனோமே, அப்போ ஒரு மஞ்சள் தொப்பி வாங்கினேன். பாவாவோட பழைய தொப்பி மாதிரியே, முன்னாடி 7 போட்டது. பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ பையிலேயே இருந்தது. அத்தை வீட்டுல ரெண்டு நாள் இருந்தேன், எடுக்கல. குடுத்தா எதுக்குன்னு கேட்பார். சும்மான்னு சொல்லலாம், அவர் நம்பவும் நம்புவார். அன்னைக்கு ராத்திரி நான் ஹைஃபை குடுத்ததை அவர் பார்த்தாரான்னு எனக்கு இன்னும் தெரியாது.

உகாதிக்கு மறுபடி போறேன். தொப்பி இப்போ அலமாரியில, சிவப்பு ஜெர்சிக்கு மேல இருக்கு.